இடது பக்கம் இரண்டு இஞ்சு

பூமிக்கு ஒரு சட்டை தைத்துப் போட வேண்டும் என்று என்றைக்காவது யாராவது முடிவு செய்தால், அளவெடுக்கக் கப்பலும் வேண்டாம், விமானமும் வேண்டாம். தையல்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் உயரமான ஓர் இடத்தில் நிறுத்தினால் போதும். ஒரு கண்ணைச் சுருக்கி ஒரே ஒரு பார்வை பார்ப்பாள். "இடுப்பு பெருசு, கழுத்தே இல்ல, கையில்லாத சட்டைதான் எடுக்கும். ஓரத்துல கொஞ்சம் துணி கூடவே விட்டு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடுவாள். கால் இஞ்சு தப்பாது. அவளைப் போல ஒருத்தி இதுவரை பிறந்ததில்லை, இனி பிறந்தாலும் அளவு சரியாக இருக்காது.

அப்பேர்ப்பட்ட கண் ஒரே ஓர் உடம்பில் ஏமாந்தது. அது அவள் வீட்டுக்காரர் உடம்பு.

கடை என்று பேர்தானே தவிர அது வீட்டின் முன்னறை. இரண்டு தையல் மெஷின், ஓர் அயர்ன் மேஜை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. கண்ணாடியில் ஒரு மூலை உரிந்து போனதால் அதன் முன்னால் நிற்கிற யாருக்கும் இடது முழங்கால் இருக்காது. சுவர் அலமாரி நிறைய அளவு நோட்டுகள். ஆளுக்கு ஒரு பக்கம். எப்போது டேப் வைத்தாலும் தேதி போட்டு எழுதிவிடுவாள். வந்தவர் மனசு மாறித் துணியே கொடுக்காமல் போனாலும் அவர் இடுப்பு அந்த நோட்டில் பத்திரமாக இருக்கும்.

தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். உடம்பு பெருத்துவிட்டது என்று ஆளின் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது. சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று யாராவது வந்து நின்றால், "துவைச்சதுல துணி சுருங்கிப் போச்சு, குடுத்துட்டுப் போங்க" என்பாள். பிறகு பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருக்கும் துணியில் கால் இஞ்சை வெளியே தள்ளி மறுபடியும் தைத்துவிடுவாள். இதற்காகவே ஒவ்வொரு பக்கமும் இரண்டு இஞ்சு இளக்கிக் கொடுக்கிற அளவுக்குத் துணியை உள்ளே விட்டுத்தான் தைப்பாள். வந்தவர் துணிக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டே சந்தோஷமாகப் போவார். யார் மனசும் புண்படாது, துணிக்கடைக்காரனுடையதைத் தவிர.

வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். பேருந்தோடு பேசுவதில் பாதிகூட மனிதர்களோடு பேசமாட்டார். அவருக்குக் கருநீலத்தில் மூன்று சட்டைகள், மூன்றும் அவள் தைத்தவை. ஒரு விடுமுறை நாளில் அயர்ன் பண்ணும்போது ஒரு சட்டையில் பட்டன் மாட்டுகிற காஜா இழுபட்டு நீண்டிருந்ததைப் பார்த்தாள். தொப்பை போடுகிறது. சொன்னால் வாடிப்போவார். அவள் சட்டத்தில் கணவனுக்குத் தனிப் பிரிவு எதுவும் இல்லை. மூன்று சட்டையிலும் தையலைப் பிரித்துக் கால் இஞ்சு விட்டாள். நோட்டில் தேதி போட்டு "இடது, கால்" என்று எழுதினாள்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு கால். அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் இடது பக்கம்தான். ஏன் என்று கை கேட்கவில்லை. எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்தைப் பிரிப்பதுதான் கைக்குத் தெரிந்த வேலை. கியர் போடுகிற கை இடது கை, அதனால் அந்தப் பக்கம் சதை போடுகிறது என்று மனசுக்குள் ஒரு காரணத்தையும் தைத்து வைத்துக்கொண்டாள்.

இதற்கு நடுவே அவர் தட்டில் பாதியை மிச்சம் வைக்க ஆரம்பித்தார்.

"என்னங்க, டிப்போ கேன்டீன்ல புதுசா யாரோ நல்லா சமைக்கிறாங்க போல?"

"அங்க யாரு சாப்பிட்டா? ரெண்டு வாய் உள்ள போனாலே வயிறு நிறைஞ்சிடுது."

"வயசாகுதில்ல."

"வயசா? இடது தோள்பட்டையும் வலிக்குது. கியர் ராடு ஒரே இறுக்கம். மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன்."

இந்த வீட்டில் மூன்றாவதாகவும் ஒரு ஆள் உண்டு. பத்தாம் வகுப்பை இரண்டாவது தடவையாகப் படிக்கிற மகள். தெரு முழுக்க அவளை வாலு என்றுதான் கூப்பிடும். அப்பாவின் சட்டைப் பையை மூடித் தைத்துவிட்டு, அவர் வண்டியில் உட்கார்ந்து பேனாவை வைக்க இடம் தேடுவதைக் கற்பனை பண்ணியே நாள் முழுக்கச் சிரிப்பவள். அவளைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. ஒரு விடுமுறை நாள் காலை, தையல்காரம்மா எப்போதும் போலச் சட்டையைத் திருப்பிப் போட்டு இடது பக்கத் தையலைப் பிரித்தாள். பிரித்த கை அப்படியே நின்றது. வெளியே தள்ளித் தைக்க உள்ளே துணி இல்லை. பிசிறுதான் மிச்சம். வலது பக்கத்தைத் திருப்பினாள். அங்கே விட்ட துணி விட்டபடியே, வெயில் படாத புதுக் கருநீலமாக, அப்படியே இருந்தது.

அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து அவர் பக்கத்தைத் திறந்தாள். மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். இடது கால், இடது கால், இடது அரை. எல்லாம் சேர்த்து இரண்டு இஞ்சு. பக்கத்து வரிசையில் கழுத்து. பதினாறு, பதினஞ்சரை, பதினஞ்சு. காலர் தொளதொளவென்று இருக்கிறது என்று அவர் சொன்னபோதெல்லாம் இவளே பட்டனைத் தள்ளித் தைத்திருக்கிறாள்.

கழுத்து இளைக்கிறது, ஒரு பக்கம் மட்டும் பெருக்கிறது. எந்தச் சாப்பாடும் ஆளை இப்படிப் பெருக்க வைக்காது.

"ஏங்க, இங்க கொஞ்சம் வந்து நில்லுங்க."

"எதுக்கு? புதுச் சட்டையா?"

"இருக்கிறதைக் கழட்டுங்க முதல்ல."

முதுகெலும்பிலிருந்து தொப்புள்வரை வலது பக்கமாக டேப்பைச் சுற்றினாள். பதினேழரை. இடது பக்கமாகச் சுற்றினாள். பத்தொன்பதரை. டேப்பைக் கீழே போட்டுவிட்டு இடது விலாவுக்கு அடியில் கை வைத்தாள். பந்து ஒன்றை உள்ளே ஒளித்து வைத்தது போல உருண்டையாக, கெட்டியாக இருந்தது.

"அமுக்காத. ஒரு மாதிரி இருக்கு."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த வாலு எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, பயணி யாரையாவது இறக்கிவிட மறந்து உள்ளேயே கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

வழக்கமாக அம்மா இதற்கு ஸ்கேலைத் தூக்குவாள். அன்றைக்குத் தூக்கவில்லை. அதுதான் வாலுவுக்குப் பயமாக இருந்தது.

தெருமுனை டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் எடுத்த பெண் பேசிக்கொண்டே ஆரம்பித்து, இடது பக்கம் வந்ததும் கருவியை அங்கேயே திரும்பத் திரும்ப ஓட்டினாள். மறுநாள் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"மண்ணீரல்ல ஒரு நீர்க்கட்டி. பதினாலு சென்டிமீட்டர்."

"அஞ்சரை இஞ்சு" என்றாள் தையல்காரம்மா, டாக்டர் மூச்சு விடுவதற்குள்.

"மண்ணீரல்னா எது டாக்டர்?" என்று கேட்டார் வீட்டுக்காரர். "கல்லீரல் தெரியும். இது இருக்கறதே தெரியாது."

"இடது பக்கம் விலா எலும்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும். கையகலம்தான். இரத்தத்துல பழசைச் சலிச்சு எடுக்கும், கிருமி வந்தா சண்டைக்கு ஆள் அனுப்பும். சத்தமே போடாது."

"இவரை மாதிரியே" என்றாள் தையல்காரம்மா.

பெரிய மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் சர்ஜனைப் பார்த்தார்கள். ஐம்பது வயது இருக்கும், வேகமாகப் பேசுகிற பெண். அவருடைய வெள்ளைக் கோட்டில் இரண்டாவது பட்டன் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. தையல்காரம்மாவுக்கு அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. தன் பட்டனையே கவனிக்காத ஆள் அடுத்தவர் வயிற்றைத் திறந்துவிட்டு ஒழுங்காக மூடுவாரா?

"ஒரு வகைப் புழு இருக்கு. நாய் வயித்துல வளரும். அதோட முட்டை நம்ம உடம்புக்குள்ள போனாலும் இப்படிக் கட்டி வரும்" என்றார் சர்ஜன். "அப்படின்னா ரொம்ப ஜாக்கிரதையா கை வைக்கணும். கட்டி உடைஞ்சு உள்ள சிந்தினா உயிருக்கே ஆபத்து. அதனாலதான் முதல்ல ரத்தப் பரிசோதனை பண்ணச் சொன்னேன். அதுல புழு இல்லன்னு வந்திருக்கு. சரி, எப்பவாவது இந்தப் பக்கம் பலமா அடி பட்டிருக்கா?"

"இல்லீங்க டாக்டர்" என்றார் வீட்டுக்காரர், ஓடாத மின்விசிறியைப் பார்த்தபடி.

"பொய் டாக்டர்" என்றாள் தையல்காரம்மா. "இவருக்குப் பொய் வந்தா கண்ணு மேல போயிடும்."

அவர் தலையைத் தொங்கப் போட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால், மழை நாளில், வண்டியிலிருந்து இறங்கும்போது படியில் வழுக்கி விழுந்திருக்கிறார். கைப்பிடிக் கம்பி விலாவில் இடித்து ஒரு வாரம் மூச்சு விடவே வலித்திருக்கிறது. டிப்போவில் சொன்னால் வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் சொன்னால் வீடு ரெண்டுபட்டுவிடும். அதனால் இரண்டு இடத்திலும் சொல்லவில்லை.

"அன்னிக்கு மண்ணீரலுக்குள்ள ரத்தம் கசிஞ்சு தேங்கியிருக்கும்" என்றார் சர்ஜன். "அது கரைஞ்சு நீராகி, சுத்தி ஒரு சுவர் கட்டிக்கிட்டு, பையாட்டம் வளருது. வயித்தை நெருக்குது, அதான் சாப்பிட முடியல. மேல முட்டுது, அதான் தோள்ல வலி."

"அப்ப கியர் ராடு காரணம் இல்லையா?" என்றார் அவர். அந்தக் கியர் ராடைப் பற்றி மூன்று புகார் எழுதியிருந்தார்.

"அது பாவம். சரி, எவ்வளவு நாளா வளருது?"

"போன வாரம்தாங்க பார்த்தோம்."

அதற்குள் நர்ஸ் வந்து எடை பார்க்க அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அறையில் தையல்காரம்மாவும் சர்ஜனும்தான். மூலையில் இருந்த பெஞ்சில் வாலு வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். உலகமே இடிந்து விழுந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

தையல்காரம்மா பையிலிருந்து அளவு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"போன வாரம் இல்ல டாக்டர். ஒன்றரை வருஷம். சட்டை இறுக்கினா அவருக்கே தெரிஞ்சிருக்கும். இறுக்க விடாம நான்தான் பிரிச்சுப் பிரிச்சுத் தச்சேன். மனசு கஷ்டப்படுவாருன்னு மறைச்சேன். அவர் விழுந்ததை மறைச்சாரு, நான் வளர்ந்ததை மறைச்சேன். மண்ணீரலை எடுத்துட்டா என்ன ஆகும்?"

சர்ஜன் நேராகவே சொன்னார். "உயிரோட இருக்கலாம். நிறையப் பேர் இருக்காங்க. ஆனா கிருமியோட சண்டை போட ஒரு ஆள் குறையும். காய்ச்சல் வந்தா 'நாளைக்குப் பார்த்துக்கலாம்'ங்கற பேச்சே கூடாது, உடனே ஓடி வரணும். ஆயுசு முழுக்க. முடிஞ்சவரைக்கும் எடுக்காம பார்க்கறேன். உறுதி குடுக்க முடியாது."

ஆயுசு முழுக்க. தன் ஊசி கொடுத்த ஒன்றரை வருடத்தில் வளர்ந்தது அவர் ஆயுசு முழுக்க வரப் போகிறது. தையல்காரம்மா மேஜையின் ஓரத்தை விரலால் அளந்துகொண்டே இருந்தாள்.

சர்ஜன் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். தேதி, கால். தேதி, கால். தேதி, அரை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஸ்கேன் இன்னிக்கு எவ்வளவுன்னுதான் சொல்லும். எப்படி வளர்ந்துச்சுன்னு சொல்லாது. இதைப் பாருங்க, முதல் வருஷம் நிதானமா வந்திருக்கு. கடைசி நாலு மாசத்துல வேகம் பிடிச்சிருக்கு. நான் மூணு மாசம் பொறுத்துப் பார்க்கலாம்னு சொல்ல இருந்தேன். இப்ப சொல்ல மாட்டேன். இந்தப் பக்கத்தோட நகல் ஒண்ணு எனக்கு வேணும்."

தையல்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எப்படிச் செய்வீங்க?"

"நாலு சின்னத் துளை. ஒண்ணுல கேமரா, மத்ததுல கருவி. நீரை உறிஞ்சிட்டு, வெளிய தெரியற சுவரை வெட்டி எடுத்துடுவேன். பை திறந்தே கிடந்தா மறுபடி நீர் தேங்காது."

"வெட்டின ஓரம்?"

"சுட்டு அடைப்போம், ரத்தம் வராம."

"அதுக்கில்ல டாக்டர். கம்மியா வெட்டினா ரெண்டு ஓரமும் கிட்ட கிட்ட வந்து மூடிக்காதா?"

சர்ஜன் அவளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "மூடிக்கும். இந்த ஆபரேஷன்ல எங்களுக்கு இருக்கற பயமே அதுதான். சுவரைக் கஞ்சத்தனமா வெட்டினவங்களுக்குத் திரும்பக் கட்டி வந்திருக்கு."

"அப்ப தாராளமா வெட்டுங்க. நான் துணியை மிச்சம் விட்டுத்தான் இந்த நிலைமை. நீங்க விடாதீங்க."

எழுந்தவள் போகவில்லை. "கோட்டைக் கழட்டுங்க" என்றாள். கைப்பையில் எப்போதும் இருக்கிற ஊசியால், அடுத்த நோயாளி உள்ளே வருவதற்குள், பட்டனைத் தைத்து நூலைக் கடித்து நறுக்கிவிட்டாள்.

ஒருவேளை மண்ணீரலை எடுக்க வேண்டி வந்தால் என்று மூன்று தடுப்பூசிகளை முன்கூட்டியே போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். "வண்டியைப் பின்னாடி எடுக்கறப்ப விசில் அடிங்கப்பா" என்று ஸ்ட்ரெச்சர் தள்ளியவரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

தையல்காரம்மா காரிடார் நாற்காலியில் உட்கார்ந்து வெட்டி வைத்த புதுச் சட்டையை எடுத்தாள். அவருக்காகத்தான். தோள் தைத்தாயிற்று, வலது பக்கம் தைத்தாயிற்று. இடது பக்கம் எந்த அளவுக்கு என்று இன்னும் தெரியாது. கையால் தற்காலிகமாகத் தையல் ஓட்டி வைக்கலாம் என்று ஊசியை எடுத்தாள். நூல் உள்ளே போகவில்லை. முப்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு நூல் கோத்தவள் அவள். எச்சில் தொட்டாள், வெளிச்சத்துக்குத் தூக்கினாள், போகவில்லை. ஊசியை மற்ற ஊசிகளோடு பஞ்சுத் திண்டில் குத்திவிட்டு முகம் கழுவப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால் திண்டில் பத்து ஊசி வரிசையாக நின்றது. பத்திலும் நூல் கோத்திருந்தது. பதற்றத்தில் முன்னாடியே கோத்து வைத்துவிட்டு அவளே மறந்திருப்பாள் போல. முதல் தையல் போட்டதும் நூல் மொத்தமும் உருவிக்கொண்டு வெளியே வந்தது. அதே பதற்றத்தில் முடிச்சுப் போடவும் மறந்திருக்கிறாள். ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுவிட்டுத் தைக்க ஆரம்பித்தாள். வாலு அந்த நேரம் லிஃப்டில் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தாள்.

இடது பக்கத்தை ஓட்டினாள், பிரித்தாள், மறுபடி ஓட்டினாள். ஏழாவது ஊசியில் கதவு திறந்தது. சர்ஜன் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"உள்ளேயே இருக்கு" என்றார்.

"கட்டியா?"

"மண்ணீரல்! கட்டி காலி. ஒண்ணரை லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி, கஷாயம் மாதிரி பழுப்பா. சுவரை நீங்க சொன்ன மாதிரி தாராளமாவே வெட்டிட்டேன். ஓரம் ஒட்டாம இருக்க உள்ளேயே இருக்கற கொழுப்பு மடிப்பை எடுத்து நடுவுல வச்சிருக்கேன்."

"லைனிங்" என்றாள் தையல்காரம்மா.

"லைனிங்" என்று சர்ஜனும் ஒத்துக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுததில் குண்டூசி ஒன்று கன்னத்தில் குத்தி, ஆபரேஷன் முடிந்த நாளில் ஆபரேஷன் பண்ணாத ஆளுக்கும் ஒரு பிளாஸ்திரி ஒட்ட வேண்டியதாயிற்று.

வெட்டியெடுத்த சுவரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கெட்டது எதுவும் இல்லை, பழைய அடியால் வந்ததுதான் என்று பத்து நாளில் தாள் வந்தது. கட்டுப் பிரித்ததும் தையல்காரம்மா அவர் வயிற்றுக்கு மிக அருகில் குனிந்து நான்கு தழும்புகளையும் ஆராய்ந்தாள்.

"காஜா பரவாயில்ல. இந்த ஒண்ணு மட்டும் கொஞ்சம் கோணல்."

"திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கிட்டு வரட்டுமா?" என்றார் அவர். அவர் சாப்பிட்டு முடித்த தட்டில் ஒன்றும் மிச்சம் இல்லை.

இரண்டு மாதத்தில் வண்டி ஓட்டப் போய்விட்டார். கியர் ராடிடம் மன்னிப்புக் கேட்டதாகக் கண்டக்டர் வந்து சொன்னார். மூன்றாவது மாத ஸ்கேனில் பை சுருங்கி, எலுமிச்சம்பழ அளவு பள்ளம் மட்டும் தெரிந்தது. நீர் இல்லை.

கடையில் சட்டம் மாறிவிட்டது. இப்போதெல்லாம் தையல்காரம்மா அளவை உரக்கப் படிக்கிறாள். போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு, எந்தப் பக்கம். "துணி சுருங்கல, நீங்கதான் பெருத்திருக்கீங்க" என்று அவள் சொன்னதில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். வேறு எங்கேயும் காலர் சரியாக உட்காராததால் மூன்றாம் வாரமே திரும்பி வந்தார். வந்தவர் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். "மூச்சை விடுங்க டீச்சர், டேப்புகிட்ட நடிக்கக் கூடாது" என்றாள் தையல்காரம்மா.

போன வாரம் வீட்டுக்காரருக்குப் புது அளவு எடுத்தாள். வலது பதினெட்டு, இடது பதினெட்டு. எழுதுவதற்கு நோட்டைத் திறந்தாள். பின்பக்கம் பிரிந்துகொண்டது. வெறுமையாக இருக்க வேண்டிய கடைசித் தாள்கள் முழுக்கக் கோணல் எழுத்து. பூமிக்கு ஒரு சட்டை என்று ஆரம்பித்தது. மெஷின் விளக்கைப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தாள். வாலு சத்தமில்லாமல் வாசல் பக்கம் நகர்ந்தாள்.

"நில்லுடி. பூமிக்கு நான் எதுக்கு சட்டை தைக்கணும்?"

"சும்மாம்மா. ஆரம்பம் கொஞ்சம் பெருசா இருக்கட்டுமேன்னு."

"சர்ஜன் ரூம்ல நீ குறட்டை விட்டுத் தூங்கினியாமே?"

"ஆமா. அசந்து தூங்கிட்டேன்."

"அப்ப நான் டாக்டர்கிட்ட மெதுவா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை எப்படி இங்க வந்து உட்கார்ந்திருக்கு?"

வாலு இன்னும் ஓர் அடி வாசல் பக்கம் நகர்ந்தாள்.

"ஆபரேஷன் அன்னிக்கு லிஃப்ட்ல விளையாடினியாமே?"

"ஆமாம்மா. மேலயும் கீழயும்."

"நான் நூல் கோத்தா அடுத்த மூச்சுல முடிச்சுப் போட்டுடுவேன். தூக்கத்துலகூட மறக்க மாட்டேன். பத்து ஊசியிலயும் முடிச்சு இல்ல. இந்த வீட்டுல நூலைக் கோத்துட்டு முடிச்சை மறக்கற ஆளு ஒருத்திதான்."

"நான் இல்லம்மா."

தையல்காரம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

"மேல பார்க்காம சொல்லு."